லீடர் கையிலிருந்து சாக்பீஸை முதலில் வாங்குங்கள்

கேள்வி: எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை 140 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள். இடைவேளையில் பெரிய பிள்ளைகள் சின்னவர்களை வம்புக்கிழுக்கிறார்கள். ஒன்றிரண்டு பேரைக் குறிவைத்து ஒதுக்குவதும் நடக்கிறது. மாணவர் தலைவர்களை வைத்து இதைத் தடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் இன்றைக்கு உங்கள் பள்ளியில் 'லீடர்' என்றால் என்ன வேலை செய்கிற பிள்ளை என்று முதலில் பாருங்கள். டீச்சர் ஹெச்.எம். அறைக்குப் போனதும் கையில் சாக்பீஸோடு போர்டுக்கு முன்னால் நிற்பது. பேசுகிறவர்கள் பெயரை எழுதுவது. மறுபடி வாயைத் திறந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. சிநேகிதன் பெயரை டீச்சர் வருவதற்குள் அழித்துவிடுவது, பென்சில் தராதவன் பெயரை அவன் பேசாமலே எழுதிவிடுவது. இந்த வேலைக்குப் பழகிய பிள்ளையிடமே புல்லியிங்கை, அதாவது குறிவைத்து வதைப்பதைத் தடுக்கும் பொறுப்பையும் கொடுத்தால், வம்பு செய்வதற்கென்று பள்ளியே ஒருவரை நியமித்த கதையாகிவிடும்.

ஆகவே முதல் மாற்றம் இதுதான்: தப்பு செய்தவனைப் பிடிப்பது மாணவர் தலைவரின் வேலை இல்லை. அடிபடுகிற பிள்ளையின் பக்கத்தில் போய் நிற்பதும், அங்கிருந்து கூட்டிக்கொண்டு வருவதும், பெரியவர்களிடம் சொல்வதும்தான் வேலை. தண்டிப்பது, விசாரிப்பது, சமாதானம் செய்து வைப்பது எல்லாம் ஆசிரியருடையவை. போர்டில் பெயர் எழுதும் வழக்கத்தை இந்தத் திட்டம் தொடங்கும் நாளிலேயே நிறுத்திவிடுங்கள். இரண்டையும் ஒரே பிள்ளை செய்தால் மற்ற பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

பிள்ளைகளை ஏன் இதில் சேர்க்க வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. கனடாவின் டொரன்டோ நகரப் பள்ளிகளில் விளையாட்டு மைதானத்தைப் படமெடுத்து, பிள்ளைகளின் பேச்சையும் பதிவுசெய்து பார்த்தார்கள். 2001-இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி 88 சதவீதச் சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் சுற்றி நின்றிருக்கிறார்கள். குறுக்கே யாராவது வந்தது 19 சதவீதத்தில் மட்டும். அப்படி வந்தபோது பாதிக்கும் மேல், 57 சதவீதம், பத்தே நொடியில் வம்பு நின்றுவிட்டது. ஆசிரியர் கண்ணில் படாதது பிள்ளைகள் கண்ணில் பட்டுவிடுகிறது.

சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் ஒரே ரகமும் அல்ல. பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டினா சல்மிவல்லியும் அவருடைய குழுவும் 1996-இல் வகுப்பறையில் ஆறு பாத்திரங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: வம்பைத் தொடங்குகிறவன், கூடச் சேர்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறவன், சிரித்து ஏற்றிவிடுகிறவன், கண்டுகொள்ளாமல் ஒதுங்குகிறவன், காப்பாற்ற வருகிறவன், அகப்பட்டுக்கொண்ட பிள்ளை. தலைவர்களை வைத்து நாம் மாற்றப் பார்ப்பது முதல் ஆளை அல்ல. சிரிக்கிறவர்களையும் ஒதுங்குகிறவர்களையும்தான். சிரிக்க ஆள் இல்லாவிட்டால் பட்டப்பெயர் மூன்று நாளில் செத்துவிடும்.

அதேசமயம் எச்சரிக்கையும் தேவை. 2011-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த டோஃபியும் ஃபாரிங்டனும் 44 புல்லியிங் தடுப்புத் திட்டங்களின் முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பள்ளி முழுக்கச் செயல்பட்ட திட்டங்கள் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வம்பைக் குறைத்திருந்தன. பெற்றோருடன் கூட்டம், இடைவேளைக் கண்காணிப்பு போன்றவை நன்றாக வேலை செய்திருந்தன. ஆனால் சக மாணவர்களை முறையாக இறக்கிவிட்ட இடங்களில் பாதிப்பு கூடியிருந்தது. இதைப் படித்துவிட்டுத் திட்டத்தையே கைவிட வேண்டியதில்லை. ஆசிரியர் செய்ய வேண்டிய கண்காணிப்பைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது என்று எடுத்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் ஐந்து ஆசிரியர்களில் குறைந்தது இரண்டு பேர் வெளியே நிற்கவில்லை என்றால், தலைவர் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

இனி யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பார்ப்போம். பெரும்பாலான பள்ளிகள் தவறுவது இங்கேதான். முதல் ரேங்க் பிள்ளை, உயரமான பிள்ளை, டீச்சருக்கு டீ வாங்கி வருகிற பிள்ளை, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரின் மகள் என்று எடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகள் யாரைப் பார்த்து நடந்துகொள்கிறார்கள் என்பது நமக்கு அவ்வளவாகத் தெரியாது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், யார் யாரோடு நேரம் செலவிடுகிறார்கள் என்று எல்லா மாணவர்களையும் கேட்டுவிட்டு, அவற்றில் பாதிப் பள்ளிகளில் பள்ளிக்கு 20 முதல் 32 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து முன்னிறுத்தினார்கள். ஓராண்டில் அங்கே மோதல் புகார்கள் மற்றப் பள்ளிகளைவிட 30 சதவீதம் குறைந்தன. அந்தக் குழுவில் மற்றவர்கள் கவனிக்கும் பிள்ளைகள் அதிகம் இருந்த பள்ளிகளில் பலனும் அதிகம். அவர்கள் நம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைவிட வயதில் பெரியவர்கள், அதனால் அந்த எண்ணை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். தேர்ந்தெடுக்கும் முறையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

செய்வது எளிது. மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். "இன்டர்வல்ல யாரோட இருக்கப் பிடிக்கும்?" "உன்னை யாராச்சும் வம்பு பண்ணா, பிள்ளைங்கள்ல யார்கிட்ட சொல்லுவ?" ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர் வரை. ஒன்று, இரண்டாம் வகுப்பில் இரண்டாவது கேள்வி மட்டும் போதும், "பெரிய அண்ணா, அக்கா யாரு நல்லவங்க?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். "யாரைப் பிடிக்காது?" என்று எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். அந்தப் பட்டியல் எப்படியும் வெளியே கசியும். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இரண்டு கேள்விக்கும் அதிகமாக வந்த பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கள் பெயரை யாருமே சொல்லாத பிள்ளைகளையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள், உங்கள் உதவி தேவைப்படுவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

140 பேருக்கு எட்டுத் தலைவர்கள் போதும். ஐந்தாம் வகுப்பில் ஐந்து, நான்காம் வகுப்பில் மூன்று. ஆணும் பெண்ணும் சரிபாதி. கொஞ்சம் சேட்டைக்காரப் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கலாம், இருப்பது நல்லதும்கூட. ஆனால் இப்போது ஒருவரைக் குறிவைத்து வதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை, "பொறுப்பு கொடுத்தால் திருந்திவிடுவான்" என்று நம்பிச் சேர்க்காதீர்கள். அவனிடம் அகப்பட்ட பிள்ளைக்கு அதைவிடப் பெரிய அடி கிடையாது. எல்லாத் தெருவிலிருந்தும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஊரும் காலனியுமாகப் பிரிந்துகிடக்கும் இடத்தில் எட்டுப் பேரும் ஒரே பக்கத்திலிருந்து வந்தால், அது மாணவர் தலைவர் குழுவாக யார் கண்ணுக்கும் தெரியாது.

அடையாளம் கொடுப்பதென்றால் சட்டைப் பையில் குத்தும் சிறு பேட்ஜ் போதும். நியூஜெர்சியில் நல்ல காரியம் செய்தவர்களுக்குக் கைப்பட்டை கொடுத்தார்கள், நமக்கு அது சரிப்படாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்த சாதித் தாக்குதலுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் மாணவர்கள் வண்ணக் கயிறுகளும் பட்டைகளும் கட்டி வருவதைத் தடுக்கச் சொன்னது. நம் பிள்ளைகளின் மணிக்கட்டில் நிறத்துக்கு என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும்.

பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் அரை மணி நேரம் என்று மூன்று வாரம். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு எதுவும் தங்காது.

முதல் இரண்டு அமர்வில் எது புல்லியிங், எது சாதாரணச் சண்டை என்று பிரிக்கப் பழக்குங்கள். இந்த ஆய்வுகளின் முன்னோடியான டான் ஓல்வியஸ் வகுத்த மூன்று அளவுகோல் இன்றைக்கும் பயன்படுகிறது: வேண்டுமென்றே செய்கிறார்களா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, அந்தப் பிள்ளையால் திருப்பித் தர முடியாத நிலையா. இரண்டு பேர் ரப்பருக்காக மாறி மாறித் தள்ளிக்கொண்டால் சண்டை. தினமும் ஒரே பையனின் ரப்பரையே எடுத்து ஒளித்துவைத்துவிட்டு அவன் அழுவதைப் பார்த்து நான்கு பேர் சிரித்தால் புல்லியிங். இரண்டு தோழிகள் காய் விட்டு மறுநாள் பழம் விட்டால் அதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். "அவகூட யாரும் பேசக்கூடாது, பேசினா உனக்கும் காய்" என்று வகுப்பே ஒரு பெண்ணுக்கு வாரக்கணக்கில் காய் விட்டால் அது அடி உதையைவிட மோசம், ஆனால் ஆசிரியர் காதுக்கு வரவே வராது. திருப்பூர், கோவைப் பக்கம் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பத்துப் பிள்ளைகளின் தமிழைச் சொல்லிக்காட்டிச் சிரிப்பதையும் இந்தப் பாடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மூன்று அமர்வில் நடித்துப் பார்க்க வேண்டும். பேச வேண்டிய வாக்கியங்களைச் சொல்லிக் கொடுத்து வாயில் பழக்கிவிட வேண்டும். "தைரியமாகத் தட்டிக் கேளு" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினால் பிள்ளை போய்ச் சட்டையைப் பிடிக்கும். நான்கு வாக்கியம் போதும்:

அகப்பட்ட பிள்ளையிடம்: "வா, எங்க டீம்ல ஒரு ஆள் குறையுது."
சுற்றி நிற்பவர்களிடம்: "வாங்க போலாம், இங்க என்ன இருக்கு."
வம்பு செய்பவனிடம், தேவைப்பட்டால் ஒரே ஒரு முறை: "போதும், விடு."
பிறகு தனியே: "நான் பார்த்தேன். உன் மேல தப்பு இல்ல. டீச்சர்கிட்ட சொல்லலாம், நானும் வர்றேன்."

இவற்றில் அதிகம் பயன்படுவது முதல் வாக்கியம்தான். "பாவம், அவளை விடுங்க" என்று சொன்னால் அந்தப் பிள்ளை பாவமாகிவிடுகிறாள், நாளைக்கு அதையே சொல்லிக் கிண்டல் செய்வார்கள். "ஆள் குறையுது" என்றால் அவள் தேவைப்படுகிறவள். யாரும் யாரையும் எதிர்த்ததாகவும் ஆகாது.

சில இடங்களில் வார்த்தையே வேண்டாம். மதிய உணவு முடிந்து தட்டு கழுவும் குழாயடியை ஒரு நாள் தள்ளி நின்று பாருங்கள். ஒரு பெண் பிள்ளை வருகிறாள். "பேன் வருது" என்று ஒரு குரல். வரிசை அப்படியே இரண்டடி தள்ளிப் போகிறது. கைதவறி அவள் மேல் பட்டவனை மற்றவர்கள் "நீயும் அவுட்" என்று துரத்த, அவன் அதை அடுத்தவன் மேல் தேய்த்துவிட்டு ஓடுகிறான். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். இதற்குள் இருக்கும் தீண்டாமையைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தும் கொண்டு வந்திருக்கலாம். இந்த இடத்தில் தலைவர் பேசத் தொடங்கினால் வாக்குவாதம்தான் வளரும். பேசாமல் போய், தன் தட்டை அவள் தட்டுக்குப் பக்கத்தில் அதே குழாயில் வைத்துக் கழுவட்டும். வகுப்பே மதிக்கும் பிள்ளை அப்படிச் செய்தால் 'அவுட்' விளையாட்டுக்கு விதி இல்லாமல் போய்விடும். பயிற்சியில் இதை உண்மையான தட்டு, குழாயை வைத்தே நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: நிஜத்தில் அகப்பட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நாடகத்திலும் அதே வேடத்தைக் கொடுக்கக் கூடாது.

கடைசி அமர்வு சொல்வதைப் பற்றியது. போட்டுக்கொடுப்பது வேறு, சொல்வது வேறு என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி வைக்க வேண்டும். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால் அது போட்டுக்கொடுப்பது. ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னால் அது உதவி. சில விஷயங்களில் தலைவர் எதுவும் செய்யாமல் உடனே ஓடி வர வேண்டும் என்று மனப்பாடமாகவே சொல்லிக் கொடுங்கள்: ரத்தம் வந்தால், கல், காம்பஸ் போன்றவற்றைக் கையில் எடுத்தால், கழிப்பறையில் வைத்துப் பூட்டினால், சாதியைச் சொல்லித் திட்டினால், உடம்பைத் தொடுவது சம்பந்தமான எதுவானாலும், பெரியவர் யாராவது சம்பந்தப்பட்டிருந்தால், "எனக்கு ஸ்கூலுக்கு வரவே பிடிக்கல, எங்கயாச்சும் போயிடுவேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்று கேட்டால் சத்தியம் செய்யக் கூடாது என்பதையும் நடித்தே பழக்குங்கள், பிள்ளைகள் சறுக்குவது அதில்தான். உடம்பைத் தொட்ட விஷயம் உங்களிடம் வந்தால் அதைப் பள்ளிக்குள் பேசி முடிக்க உங்களுக்கும் உரிமை இல்லை. 2012 போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417 இரண்டையும் தலைவர்களுக்கு மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி சுவரில் எழுதிவையுங்கள்.

பணி முறை இப்படி இருக்கலாம். எப்போதும் இரண்டு பேர் சேர்ந்துதான் சுற்ற வேண்டும், முடிந்தவரை ஒருவர் ஐந்தாம் வகுப்பு, ஒருவர் நான்காம் வகுப்பு. ஒருவருக்கு வாரம் இரண்டு நாள், ஒரு முறைக்கு 15 நிமிடம். சாப்பிட்ட பிறகுதான் பணி, தலைவர் என்பதற்காக எந்தப் பிள்ளையும் கடைசியில் சாப்பிடக் கூடாது. நிற்க வேண்டிய இடங்கள் குழாயடி, மரத்தடி, ஒன்றாம் வகுப்பு வாசல். கழிப்பறைப் பக்கத்தையும் மாலை கேட் திறந்த பிறகு வருகிற பத்து நிமிடத்தையும் ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைவர் நிற்கும் எந்த இடத்திலிருந்தும் குரல் கொடுத்தால் ஓர் ஆசிரியருக்குக் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் பத்து நிமிடம் எட்டுப் பேரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். நோட்டில் எழுதுவது நீங்கள்தான், பிள்ளைகள் அல்ல. தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, தலைவர் என்ன செய்தார், ஆசிரியர் என்ன செய்தார் என்று ஆறு கட்டம். கடைசிக் கட்டம் காலியாகவே கிடந்தால் மூன்றாவது வாரம் பிள்ளைகள் சொல்வதை நிறுத்திவிடுவார்கள். சொன்ன விஷயத்துக்கு மறுநாளுக்குள் ஏதாவது நடந்தாக வேண்டும்.

அப்படி நடக்க வேண்டியதில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று: இரண்டு பேரையும் முன்னால் நிறுத்தி, "சாரி சொல்லு, கை குடு, இனிமே ஃபிரெண்ட்ஸ்." சண்டைக்கு இது சரி, புல்லியிங்குக்கு ஆகாது. சமபலம் இல்லாத இருவரை எதிரெதிரே நிறுத்தினால் பலவீனமான பிள்ளை எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை தோற்கிறது, வெளியே போனதும் அதற்கும் சேர்த்து வாங்குகிறது. பின்லாந்தின் கீவா என்ற புல்லியிங் தடுப்புத் திட்டம் பின்பற்றும் வரிசை நல்லது. முதலில் அகப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறார்கள். அடுத்து வம்பு செய்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசி, இனி என்ன செய்வாய் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். பிறகு அதே வகுப்பில் மதிப்புள்ள இரண்டு முதல் நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைக்குத் துணையாக இருக்கக் கேட்கிறார்கள். ஓரிரு வாரம் கழித்து மறுபடி எல்லோரிடமும் கேட்கிறார்கள். நம் ஊரில் விட்டுப்போவது இந்தக் கடைசிப் படிதான்.

எங்கே கெடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் புகார் கூடும். திட்டம் தோற்றுவிட்டது என்று பொருளல்ல, இதுவரை சொல்லாதவர்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டாவது, தலைவருக்கே 'டீச்சரோட ஜால்ரா' என்று பட்டப்பெயர் விழும். பயிற்சியிலேயே இதைச் சொல்லிவைத்து, அப்படி நடந்தால் அன்றைக்கே உங்களிடம் வரச் சொல்லுங்கள். மூன்றாவது, தலைவர் மிட்டாய் வாங்கித் தரச் சொல்வார், சின்னப் பிள்ளையைத் தண்ணீர் பிடித்துவர அனுப்புவார். முதல் முறை தனியாகப் பேசுங்கள். இரண்டாவது முறை பேட்ஜை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பிரேயரில் வைத்து வேண்டாம். நான்காவது கொஞ்சம் சங்கடமானது. ஆசிரியரே "ஏய் குண்டா", "கறுப்பி" என்று கூப்பிடும் வகுப்பில் எட்டுத் தலைவர்கள் அல்ல, எண்பது பேர் இருந்தாலும் பயனில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. இதை முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே பேசிவிடுவது நல்லது.

பெற்றோரிடம் திட்டம் தொடங்கும் முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். தலைவர்களின் வீட்டில் தனியாகச் சம்மதம் கேளுங்கள். "உன் பையன் என் பையனைப் பத்திச் சொன்னானாமே" என்று தெருவில் சண்டை வருவது இதனால் பெருமளவு குறையும். யார் சொன்னார்கள் என்பதை நீங்கள் ஒருபோதும் வெளியிடாமல் இருப்பது அதைவிட முக்கியம். "நான் கவனித்ததில்" என்றே பேச்சைத் தொடங்குங்கள்.

பலன் தெரிய, பள்ளியின் வரைபடம் ஒன்றைத் தாளில் வரைந்து பருவத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுங்கள். பயமாக இருக்கும் இடத்தில் சிவப்பு, பிடித்த இடத்தில் பச்சை அடிக்கட்டும். பெயர் எழுத வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் இதைச் செய்துவிடும், 'மாணவர் மனசு' புகார்ப் பெட்டிக்குள் சீட்டு எழுதிப் போட அதனால் முடியாது. சிவப்பு எங்கே குவிகிறதோ அடுத்த பருவத்தில் பணி இடத்தை அங்கே மாற்றுங்கள். சிவப்பு ஆசிரியரின் மேசை மேல் விழுந்தாலும் அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பு போய்விடும். நான்காம் வகுப்பிலிருந்து மூன்று பேரை எடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஜூனில் அவர்கள் மூவரும் பழையவர்கள், மீதி ஐந்து பேருக்கு மறுபடி அந்த இரண்டு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். போன ஆண்டு நோட்டு ஹெச்.எம். பீரோவிலேயே பூட்டி இருக்கட்டும், புது ஆண்டுக்குப் புது நோட்டு போடுங்கள். போன வருஷம் வம்பு செய்த பிள்ளையின் பெயர் இந்த வருஷ டீச்சர் கண்ணில் முதல் பக்கத்திலேயே பட வேண்டாம்.